ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு தேதிக் கணக்கு

அக்கா மகன் போன சித்திரையில் வந்து நின்றான். "மாமா, இருபது முடிஞ்சிருச்சு. ஹெவி எடுத்துக் குடுங்க, லாரிக்குப் போறேன்" என்றான். லைசென்ஸைக் காட்டச் சொன்னேன். பைக் லைசென்ஸ் மட்டும்தான் இருந்தது. "ஒரு வருஷம் போச்சு மாப்பிள்ளை" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

நாமக்கல்லில் 26 வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். அதில் பாதிக்கு மேல் கேஸ் டேங்கர். வண்டி ஓட்ட எல்லோரும் எப்படியோ கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். தேதிக் கணக்கில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கார் லைசென்ஸ், அதாவது எல்எம்வி, 18 வயதில் எடுக்கலாம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் வேண்டியது டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ்; நாம் ஹெவி என்று சொல்வது. அதற்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். எல்எம்வி கையில் வந்து ஒரு வருஷமும் முழுசாகக் கடந்திருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் ஓட்டிப் பழகுவதற்கான எல்எல்ஆரே தருவார்கள். பைக் லைசென்ஸ் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே லாரிக்குப் போகும் எண்ணம் இருந்தால் 19 முடிவதற்குள் எல்எம்வி வாங்கிவிடுங்கள், வீட்டில் கார் இல்லாவிட்டாலும்.

எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019இல் எடுத்துவிட்டார்கள். என்னோடு ஓட்டிய சிலர் அந்த ஒரு காகிதத்துக்காகப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

எந்த வண்டிக்கு எந்த லைசென்ஸ் என்பதில் இன்னும் குழப்பம் இருக்கிறது. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சியில் லோடோடு சேர்த்து மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். 7,500 கிலோ வரை என்றால் எல்எம்வி போதும். டாட்டா ஏஸ், 407 எல்லாம் இதற்குள் வரும். சரக்கு வண்டியாக இருந்தாலும் தனியாக டிரான்ஸ்போர்ட் வேண்டாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. 7,500 தாண்டினால் 12,000 வரை மீடியம், அதற்கு மேல் ஹெவி. டாரஸ் என்கிற பல சக்கர லாரி, டிரெய்லர் எல்லாம் அங்கேதான்.

அப்புறம் டிரைவிங் ஸ்கூல். கார் லைசென்ஸுக்கு யாரிடம் வேண்டுமானாலும் ஓட்டக் கற்கலாம். ஹெவிக்கு அங்கீகாரம் உள்ள ஸ்கூல் தரும் ஃபார்ம் 5, அதாவது பயிற்சிச் சான்று, கட்டாயம். விதிப்படி 30 நாள் பயிற்சி, அதில் 15 மணி நேரமாவது நீங்களே ஓட்டியிருக்க வேண்டும். அந்த 15 மணி நேரத்தைக் கறாராகக் கேட்டு வாங்குங்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்கு இரண்டு கிலோமீட்டர் ஓட்டவிட்டு, கையெழுத்துப் போட்டுத் தரும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ரிவர்ஸைத்தான் சொல்லித் தர மாட்டார்கள். டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஃபார்ம் 1ஏ மருத்துவச் சான்று. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, 25 மீட்டரில் நம்பர் பிளேட் படிக்க முடிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா, காது கேட்கிறதா என்று அதில் வரும். பணம் கட்டுவதற்கு முன்பே கண்ணைக் காட்டிவிடுங்கள். கண்ணாடி போட்டுச் சரியாகும் குறை என்றால் பயமில்லை.

எல்எல்ஆர் கிடைத்து 30 நாள் கழித்து டெஸ்ட். ஆறு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். முதல் தடவை நான் ஃபெயில். இன்ஸ்பெக்டர் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கைச் சீக்கிரம் விட்டுவிட்டேன், வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. இறங்கச் சொல்லிவிட்டார். ஏறியதும் கிளப்பாதீர்கள். கீழே ஒரு சுற்று சுற்றி டயரைப் பாருங்கள், கண்ணாடியைத் திருப்புங்கள், பிரேக்குக்கு ஏர் ஏறும் வரை காத்திருங்கள். அவசரப்படாதவனைப் பார்த்தாலே இன்ஸ்பெக்டர்களுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

எங்கள் ஊரில் பணம் டேங்கரில்தான். ஆனால் கேஸ், பெட்ரோல், ஆசிட் ஏற்ற வெறும் ஹெவி போதாது. மூன்று நாள் பயிற்சி முடித்து, அபாயகரமான சரக்கு ஓட்டலாம் என்று லைசென்ஸில் பதிவு வாங்க வேண்டும். ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். டேங்கரில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்ததும் சரக்கு எதுவென்று சொல்லவும் பழகுங்கள்: 1075 என்றால் கேஸ், 1203 என்றால் பெட்ரோல்.

அந்தப் பதிவுக்கு அப்போதெல்லாம் ஒரு வருஷம்தான் ஆயுள். 2011இல் லோடு ஏற்றப் போன இடத்தில் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். என் பதிவு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஓனர் வேறு டிரைவரை ரயிலில் அனுப்பும் வரை வண்டிக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்திருந்தேன். தப்பு என்னுடையது. இப்போது அந்தப் பதிவு மூன்று வருஷம், சாதாரண டிரான்ஸ்போர்ட் ஐந்து வருஷம். முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முன்பு முடிந்த பிறகும் 30 நாள் செல்லும். 2019 செப்டம்பரிலிருந்து அந்தச் சலுகை கிடையாது, மறுநாளே நீங்கள் லைசென்ஸ் இல்லாத ஆள்தான். முடிந்து ஒரு வருஷம் தாண்டினால் மறுபடியும் டெஸ்ட்.

பஸ் என்றால் பயணிகளை ஏற்றி ஓட்டுவதற்கான பேட்ஜும் வேண்டும். அரசு பஸ்ஸில் இப்போது டிரைவரும் கண்டக்டரும் ஒரே ஆளாக எடுக்கிறார்கள். 2025 அறிவிப்பில் பத்தாம் வகுப்பு, 24 வயது, 160 செ.மீ. உயரம், 50 கிலோ எடை, கண்டக்டர் லைசென்ஸ், முதலுதவிச் சான்று, ஹெவியில் 18 மாத அனுபவம் எல்லாம் கேட்டார்கள். அனுபவச் சான்றை ஓனரிடம் வேலையை விடும்போதே எழுதி வாங்குங்கள். இரண்டு வருஷம் கழித்துப் போனால் அவருக்கு உங்கள் முகமே ஞாபகம் இருக்காது.

மாப்பிள்ளைக்கு ஆடியில் எல்எம்வி வந்தது. ஒரு வருஷம் சும்மா இருக்க வேண்டாம் என்று என் நண்பரின் டாரஸில் கிளீனராக அனுப்பியிருக்கிறேன். தார்ப்பாய் கட்டட்டும், டயரைத் தட்டிப் பார்க்கப் பழகட்டும், ரிவர்ஸில் பின்னால் நின்று கை காட்டட்டும். ஸ்டியரிங்கை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ஓட்டியவனுக்கு 5,000, கொடுத்த ஓனருக்கு 5,000. ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரரும் கையை விரிப்பார். எல்எம்வி வந்த தேதியைத் தன் போனில் அலாரமாக வைத்திருக்கிறான். நான் என் டைரியிலும் குறித்து வைத்திருக்கிறேன்.