மொட்டை மாடியில் கொடிக்கம்பம்
தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து தேசியக் கொடி பறக்கவிடுவதென்றால் முதலில் அளவைப் பேசி முடியுங்கள். 10 அடிக் கம்பத்துக்கு 900 x 600 மி.மீ. கொடி போதும். அதைவிடப் பெரிதானால் காற்றில் கம்பமே ஆடும்.

கம்பத்துக்கு ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப் வாங்குங்கள். அதைக் கைப்பிடிச் சுவரில் பிடிக்க வேண்டாம். நாலரை இஞ்ச் சுவர் ஆடிக்காற்றுக்குத் தாங்காது, போல்ட் துளை விரிந்துவிடும். மாடிப்படி அறைச் சுவரில் இரண்டரை அடி இடைவெளி விட்டு இரண்டு கிளாம்ப் அடியுங்கள். கம்பம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பிக்கு எட்டக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரும்புக் கப்பி மழையில் துருப்பிடித்து இறுகிவிடும் என்பதால் பித்தளைக் கப்பிதான் சரி. கயிறு 6 மி.மீ. நைலான், 23 அடி.

கயிற்றின் ஒரு முனையைக் கொடியின் மேல்மூலையிலும் மறுமுனையைக் கீழ்மூலையிலும் கட்டுங்கள். கீழ்க்கயிறு தளர்ந்திருந்தால் கொடி கம்பத்தில் சுற்றிக்கொள்ளும். மலிவான கொடிகளில் மேல் எது கீழ் எது என்று காட்ட மரக்குமிழ் இருக்காது. அவசரத்தில் தலைகீழாக ஏறுவது அதனால்தான். காவிப் பக்கக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால் இருட்டிலும் தெரியும்.

பூ வைத்து அவிழ்ப்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். உலர்ந்த இதழ் ஒரு கைப்பிடி போதும். ஈர இதழ் வெள்ளைப் பட்டையில் கறை விடும். கொடியை மடித்துச் சுருட்டி, கீழ்க்கயிற்றை அதன்மேல் இரண்டு சுற்று சுற்றுங்கள். பிறகு கயிற்றை வளையமாக மடித்து அந்தச் சுற்றுக்குள் செருகுங்கள். வளையத்துக்குப் பதில் முனையையே செருகினால் அது முடிச்சாகிவிடும், எவ்வளவு இழுத்தாலும் அவிழாது. முதல்நாள் மாலையே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

2022 ஜூலையில் கொடி விதி திருத்தப்பட்ட பிறகு, வீட்டில் இரவிலும் பறக்கவிடலாம். அதே கம்பத்தில் வேறு கொடி கூடாது. பாலியஸ்டருக்கு 2021 டிசம்பரிலேயே அனுமதி வந்துவிட்டது. மழைக்காலத்துக்கு அதுதான் தோது. கதர் நனைந்தால் கனத்துத் தொங்கும்.

கொடி முதலில் பிரிவது பறக்கும் ஓரத்தில், அதாவது கம்பத்துக்கு எதிர்ப்பக்க ஓரத்தில். வாங்கியதுமே தையல்காரரிடம் கொடுத்து அங்கே இன்னொரு வரிசைத் தையல் போடுங்கள். வேப்பங்கிளையோ சுவரோ உரசினால் அந்தத் தையலும் நிற்காது. கிழிந்த கொடியை ஏற்றவோ குப்பையில் போடவோ கூடாது; தனியிடத்தில் முழுதாக எரித்துவிடலாம். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், வெறும் மண்தரையில் எட்ட நின்று எரியுங்கள்.