பிளைவுட்டில் முகம் செதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் சிஎன்சியில் (கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு மெஷின்) கதவும் பூஜையறை ஜாலியும் (துளை வேலைப்பாட்டுப் பலகை) வெட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது போட்டோவும் செதுக்குகிறார்கள். கல்யாண ஜோடி, காலமான தாத்தா பாட்டி என்று ஆர்டர் வருகிறது. புதிதாக இறங்கும் தம்பிகள், நாங்கள் ஆரம்பத்தில் பலகையைப் பாழாக்கிய அதே வழியில் பாழாக்குவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பிட்டை (மெஷினின் வெட்டும் முனை) சரியாக இறுக்காதது போன்றவற்றை ஒரு தடவை பட்டாலே கற்றுக்கொள்வார்கள். அதை விடுங்கள்.

வாட்ஸ்அப் போட்டோ

சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தெளிவு குறையும்; டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வளைந்த பலகை

அதிகம் நஷ்டம் வைப்பது இதுதான். இன்றும் எனக்கு எரிச்சல் வருவதும் இதில்தான்.

முகம் முழுக்க நெருக்கமான கோடுகளால்தான் விழுகிறது. கறுப்புப் பெயின்ட் அடித்த பலகையில் வி பிட் (V வடிவக் கூர்முனை) ஆழமாக இறங்கினால் கோடு அகலமாகி வெளிர் மரம் தெரியும். மேலேறினால் கோடு மெலிந்து கறுப்பு மிஞ்சும். 90 டிகிரி பிட்டில் கோட்டின் அகலம் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு. பலகை ஓரிடத்தில் 0.25 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் அங்கே கோடு 0.5 மில்லிமீட்டர் மெலியும். கோட்டுக்குக் கோடு 1.5 மில்லிமீட்டர்தான் என்றால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போச்சு. கதவில் யார் கண்ணிலும் படாத வித்தியாசம் இது. முகத்தில் கன்னத்தையே விழுங்கிவிடும்.

ஆடிச் சாரலில் ஒரு தம்பி ஒரு பாட்டியம்மா படம் செதுக்கினார். ஒரு பக்கம் கன்னச் சுருக்கமும் காதில் தொங்கும் பாம்படமும் அருமையாக விழுந்திருந்தன. மறுபக்கம் காதே இல்லை. "அண்ணே, சாஃப்ட்வேர்ல கோளாறு" என்று கான்ட்ராஸ்டைக் கூட்டி, இன்னொரு பலகையில் ராத்திரி முழுக்க ஓட்டினார். அதே பக்கம், அதே இருட்டு. ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பு பலகையில் படும்படி நிறுத்திப் பார்த்தேன். அடியில் வெளிச்சம் தெரிந்தது. ஷீட் மழை முழுக்கச் சுவரில் சாய்ந்தே நின்றிருக்கிறது. போதாததற்கு முன்பக்கம் மட்டும் பெயின்ட். பின்பக்கம் ஈரம் குடித்து வளைந்துவிட்டது. தூக்கி நின்ற மூலையில் இசட் ஜீரோ (பிட்டின் ஆழத்தை அளக்கத் தொடங்கும் உயரம்) எடுத்திருக்கிறார். எதிர்ப்பக்கம் எப்படித் தெளியும்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஷீட்டைப் படுக்கவைத்து அடியில் கட்டை கொடுங்கள். பிரைமர் இரண்டு பக்கமும் அடியுங்கள். மெஷினின் அடிப்பலகையை அதே ஸ்பிண்டிலால் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) சீவிச் சமமாக்குங்கள். பிளைவுட்டையே சீவப் போகாதீர்கள்; மேல் தோல் பெரும்பாலும் 0.5 மில்லிமீட்டருக்குள்தான், உள் அடுக்கு வெளியே வந்துவிடும். அப்புறம் நான்கு மூலையிலும் நடுவிலும் பிட்டைப் பேப்பர் உரசும் வரை இறக்கி, இசட் எண்ணைக் குறியுங்கள். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்டார்ட் அழுத்தாதீர்கள். வாடிக்கையாளர் வாசலில் நின்றாலும் சரி, அழுத்தாதீர்கள்.

காயாத பெயின்ட்

மழை நாளில் இனாமல் காயச் சுணங்கும். நகம் பதிந்தால் இன்னும் ஒரு நாள் விடுங்கள்; இல்லாவிட்டால் கோட்டு ஓரமெல்லாம் உரியும்.

மொண்ணை பிட்

மாற்றுங்கள்.

மலிவு ஷீட்

உள் அடுக்குகளுக்கிடையே பொந்து இருக்கும். பிட் அதன்மேல் போகும்போது மேல் தோல் பொத்துக்கொள்ளும். கருவிழி அங்கே விழுந்தால் ஒட்டுப்போட்டும் பயனில்லை. கடையில் மேல்பக்கப் பளபளப்பைப் பார்க்காமல், ஷீட்டின் நான்கு ஓரத்தையும் குனிந்து பார்த்து வாங்குங்கள்.