இடிக்கும் முன் ஐ.நா.வுக்கு எழுதுவது எப்படி?

சென்னையில் பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளை இடிப்பதற்காகக் கதவுகளில் எண் எழுதத் தொடங்கிவிட்டார்களா? வழக்கறிஞரைப் பார்த்த கையோடு ஐ.நா.வுக்கும் எழுதுங்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் என்னோடு வேலை செய்யும் இளைய களப்பணியாளர்கள் இதைப் பெரிய நிறுவனங்களின் வேலை என்று ஒதுங்குகிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. தனிநபர் புகாருக்கு வழிவிடும் விருப்ப நெறிமுறையை ஏற்கவில்லை. அதனால் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவிடம் நம் புகார் செல்லாது. வீட்டுவசதி உரிமைக்கான சிறப்பு அறிக்கையாளரிடம், அதாவது ஐ.நா. நியமிக்கும் தனி நிபுணரிடம், செல்லும். இங்கே வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவர் அரசிடம் விளக்கம் கேட்கலாம். புல்டோசரை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. இதை மக்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீணாக ஆசை காட்டுவது பாவம்.

'வாழ்வாதாரம் பாதிக்கப்படும்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. விடியுமுன் காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கும் பெண்ணைத் தொலைவிலுள்ள பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பினால், அவர் எத்தனை மணிக்கு எந்தப் பஸ்ஸைப் பிடிப்பார் என்று எழுதுங்கள். நோட்டீஸ் வந்த தேதி, கையெழுத்திட்ட அதிகாரியின் பதவி, குடும்பங்களின் எண்ணிக்கை, பொதுத்தேர்வு எழுதவிருக்கும் பிள்ளைகள் என எதையும் விடாதீர்கள். அந்த உடன்படிக்கைக் குழுவின் 1997ஆம் ஆண்டுப் பொதுக் கருத்துரை 7 (கட்டாய வெளியேற்றம் பற்றிய அதன் விளக்கம்), மக்களோடு உண்மையாகக் கலந்து பேச வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும், மோசமான வானிலையிலோ இரவிலோ அவர்கள் சம்மதமின்றி வெளியேற்றக் கூடாது என்கிறது. ஐப்பசி மழையில் இடிக்க வந்தால் இதையே மேற்கோள் காட்டுங்கள்.

அனுப்புமுன் சம்மதம் வாங்குங்கள். எழுதியவர் பெயரை ஐ.நா. வெளியிடாது, பாதிக்கப்பட்டவர் பெயர், அவர் ஒப்புக்கொண்டால், அரசுக்குப் போகும். ஆகவே கடிதத்தை வாசலில் உட்கார்ந்து தமிழில் படித்துக் காட்டுங்கள். ஒரு பாட்டி தன் பெயரைத் தாராளமாகப் போடச் சொன்னார். ஒப்பந்தத் துப்புரவுப் பணிக்குப் போகும் மருமகளின் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அந்த முன்யோசனை நமக்கும் வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் எழுதி ஐ.நா.வின் இணையப் படிவத்தில் ஏற்றுங்கள்.

உலகளாவிய காலமுறை மீளாய்வு வேறு வகை: ஒரு நாட்டின் மனித உரிமை நிலை முழுவதையும் மற்ற நாடுகள் ஐ.நா.வில் பார்ப்பது. இந்தியாவின் முறை 2022 நவம்பரில் வந்தது. அதற்கான அறிக்கையைப் பல மாதங்கள் முன்பே, தனி அமைப்பானால் 2,815 சொற்களுக்குள், அனுப்ப வேண்டும். நான்கைந்து அமைப்புகள் சேர்ந்து எழுதுவது நல்லது.

சிறப்பு அறிக்கையாளர் அரசுக்கு அனுப்பும் கடிதம் பொதுவாக 60 நாள் கழித்து இணையத்தில் வெளியாகும். அச்செடுத்து வழக்கறிஞரிடம் ஒரு பிரதி கொடுங்கள், தெருக்கூட்டத்திலும் வாசியுங்கள்.