புது பிரேமில் மரை ஏறவில்லையா? ஸ்பேனரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

பிரேமைத் தனியாக வாங்கி, பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து சைக்கிள் பூட்டுகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் மரைதான். பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சைத் தாங்கும் பாகம்) கப் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். பாட்டில் ஸ்டாண்டுத் திருகு உள்ளே போகவே போகாது. உடனே "மரை போச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறோம். புது பிரேமில் பெரும்பாலும் அது போயிருக்காது. மரைக்குள் இறங்கி உறைந்த பெயிண்ட், வெல்டிங் பொறி, வழியில் அடிபட்டு மடங்கிய முதல் சுற்று, இவற்றில் ஏதோ ஒன்றுதான் தடுக்கும். நிஜமான சேதம் அதற்குப் பிறகு, நீளமான ஸ்பேனரைப் போட்டு நாம் முக்கும்போது நடக்கிறது.

பார்க்காமலே திருகுவதுதான் முதல் தவறு. பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தொட்டு மரையைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் அடைத்த மரை மழுங்கலாக, பிரேமின் நிறத்திலேயே தெரியும். அடிபட்ட மரையில் உலோகம் பளிச்சென்று தெரியும், முனை நசுங்கியோ சிலும்பாகவோ இருக்கும். நிஜமாகவே அடிபட்டிருந்தால் எதையும் தொடாதீர்கள். போட்டோ எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். நீங்கள் ஒருமுறை மரை வெட்டிவிட்டால், கெடுத்தது யார் என்ற பேச்சு வரும், வாரண்டி அதிலேயே அடிபட்டுப்போகும். கார்பன் பிரேம் என்றால் இன்னும் ஜாக்கிரதை. அதில் மரை இருப்பது பெரும்பாலும் உள்ளே ஒட்டிய அலுமினியக் குழாயில்தான். முக்கினால் ஒட்டே விட்டுவிடலாம்.

அடுத்தது திசை. பி.எஸ்.ஏ. மரை (இங்கே அது ஒரு மரை அளவின் பெயர்) உள்ள பிரேமில், செயின் பக்கத்துக் கப் இடது மரை. அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகத் திருகினால்தான் இறுகும். மறுபக்கம் வழக்கம்போல. இதை மறந்து தவறான பக்கம் திருகி, ஏறவில்லையே என்று பலம் காட்டி, நல்ல மரையைக் கெடுத்தவர்கள் ஏராளம். கப்பை நேராக வைத்து, முதலில் கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டிக்'கென்று சின்னதாக இறங்கும். மரையின் தொடக்கம் அதுதான். அங்கிருந்து விரலாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற வேண்டும். விரலுக்கு ஏறாததை ஸ்பேனருக்குக் கொடுக்காதீர்கள். முழுதாக ஏறிய பிறகு, வெளியே பேரிங் உள்ள ஷிமானோ கப்புக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம். அந்த பலமெல்லாம் கடைசியில் வேண்டியது.

மூன்றாவது தவறு லேத் பட்டறையில் நடக்கிறது, இதுதான் ஆளை அழவைக்கும். பின் டிரெய்லியர் (செயினைக் கியர் மாற்றும் பாகம்) மாட்டும் ஹேங்கரின் மரை 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி. சாதாரண 10 மி.மீ. போல்ட்டின் பிட்ச் 1.5. பட்டறையில் முதலில் கைக்கு வருவது அந்த 1.5 பிட்ச் டேப்தான் (மரை வெட்டும் கருவி). "பத்துதானே சார்" என்று விட்டுச் சுற்றினால் பழைய மரையின் குறுக்கே புது மரை விழும், இரண்டுமே உதவாது. கொடுக்கும்போதே பிட்ச்சைச் சொல்லுங்கள். முடிந்தால் டிரெய்லியரையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கழற்றி மாட்டும் ஹேங்கர் என்றால் இந்த வம்பே வேண்டாம், அதே மாடலில் புதிது வாங்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம். பாட்டம் பிராக்கெட்டுக்கும் இதே கதைதான். 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அதிலும் ஒரு பக்கம் இடது மரை. அதற்கான ஜோடி டேப் பொதுப் பட்டறையில் இருக்காது. நல்ல சைக்கிள் சர்வீஸ் கடையைத்தான் தேட வேண்டும்.

டேப் சரியானதாகவே இருந்தாலும் உலரவிட்டு ஓட்டக்கூடாது. எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே வரும்போது சுருள் சுருளாகத் தூள் உடைந்து விழும். அதை விழவிடாமல் தொடர்ந்து ஓட்டினால், அலுமினியத்தில் அந்தத் தூளே மரையை உழுதுவிடும். 5 மி.மீ. பாட்டில் ஸ்டாண்டு மரையில் பெயிண்ட் மட்டும்தான் அடைப்பு என்றால் டேப் கூட வேண்டாம். 0.8 பிட்ச் ஸ்டீல் திருகு ஒன்றில் ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் இரண்டு வெட்டு போட்டு, எண்ணெய் தடவி உள்ளே விட்டு எடுங்கள். பெயிண்ட் அந்த வெட்டுக்குள் வந்துவிடும்.

திருகோடு சேர்ந்து மரையே சுற்றினால் அது மரைக் கோளாறு இல்லை, குழாயில் பதித்த ரிவ்நட் (உள்ளே மரை உள்ள சின்னக் குழல்) தளர்ந்திருக்கிறது. பெரிய திருகு போடாதீர்கள். கொஞ்சம் நீளமான திருகில் முதலில் ஒரு நட்டை ஏற்றி, அதன் கீழே கிரீஸ் தடவிய வாஷர் கோத்து, ரிவ்நட்டுக்குள் திருகுங்கள். இப்போது ஆலன் கீயால் திருகின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் கீழ்நோக்கி இறுக்கினால், திருகு மேலே இழுக்கப்பட்டு ரிவ்நட் மறுபடி பிரேமைக் கவ்வும்.

அப்புறம், இந்த எம்-சீல், அரால்டைட், டெஃப்லான் வைத்தியம். போன மரைக்கு இவை மாற்று ஆகாது. பாட்டில் ஸ்டாண்டில் சில நாள் நிற்கலாம், மிதிக்கிற பளு விழும் இடத்தில் நிற்காது. சின்ன மரைக்கு ஹெலிகாயில் (புது மரையாகும் கம்பிச் சுருள்) போடலாம்.

பாட்டம் பிராக்கெட் மரை அடியோடு போயிருந்து, மாற்றிக் கொடுக்கவும் ஆள் இல்லையென்றால், ஸ்டீல் பிரேமுக்கு ஒரு வழி உண்டு. பி.எஸ்.ஏ. விட்டம் சுமார் 34.8 மி.மீ., இத்தாலிய மரை 36 மி.மீ. அதனால் பழையதைச் சீவி இத்தாலிய மரை வெட்ட இடம் இருக்கிறது. ஆனால் அதில் இரண்டு பக்கமும் வலது மரை; செயின் பக்கத்துக் கப் ஓட ஓடத் தளரப் பார்க்கும், லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட்டு நன்றாக இறுக்க வேண்டும். வெட்ட மனம் வரவில்லையென்றால், மரையே தேவைப்படாமல் இரு பக்கமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் பாட்டம் பிராக்கெட் கிடைக்கிறது. நான் முதலில் அதைத்தான் மாட்டிப் பார்ப்பேன்; பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம், வெட்டிய உலோகம் திரும்பி வராது.