பினாங்கு போகும் வழியில் நாய்க்கு வயிறு கெட்டால்

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். போன தீபாவளி விடுமுறையில் தாப்பா தாண்டியதும் எங்கள் கருப்பன் முனக ஆரம்பித்தான். சற்று நேரத்தில் பின் சீட்டெல்லாம் வயிற்றுப்போக்கு. முந்தின இரவு சித்தப்பா வீட்டில் யாரோ பாசமாக ஆட்டுக்கறிக் குழம்புச் சோறு போட்டிருக்கிறார்கள்.

முதலில் அடுத்த ஆர் அண்ட் ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடத்தில்) நிறுத்துங்கள். சாப்பாட்டுக் கடை, சூராவ் (முஸ்லிம்கள் தொழும் இடம்) பக்கம் போகாமல் ஓரமாக நிழலில் கயிறு போட்டு நடத்துங்கள். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு ஈரமில்லாமல் விரலில் ஒட்டினால் உடம்பில் நீர் வற்றுகிறது. கருப்பனுக்கு ஈறும் கருப்பு. அப்படிப்பட்ட நாய்க்குக் கீழ் இமையின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து நக்கு மட்டும் கொடுங்கள். கிண்ணம் நிறைய வைத்தால் ஒரே மூச்சில் குடித்து வாந்தி எடுக்கும். வளர்ந்த நாய் என்றால் ஊர் போய்ச் சேரும்வரை சாப்பாடு வேண்டாம். குட்டியைப் பட்டினி போடக் கூடாது.

இரவில், தோலும் எலும்பும் நீக்கி வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழி 1 பங்கு, குழைந்த வெள்ளைச் சோறு 2 பங்கு, கொஞ்சம் கொஞ்சமாக. கடையில் கோழிச் சோறு வாங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், அந்தச் சோறே பூண்டும் கோழிக் கொழுப்பும் சேர்த்து ஆக்கியது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாதிப்பு சில நாள் கழித்தும் தெரியலாம். குழம்பில் வெங்காயம் இருந்ததால் கருப்பனின் சிறுநீர் சிவக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பனடோல் போன்ற பாராசிட்டமால் மாத்திரையோ, நாம் போடும் வயிற்றுப்போக்கு மாத்திரையோ கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மலத்தில் இரத்தம், தார் போன்ற கருப்பு, தண்ணீரும் தங்காத வாந்தி, வெளுத்த ஈறு, உப்பிய வயிற்றோடு வெறும் குமட்டல்: இதில் ஒன்று தெரிந்தாலும், தடுப்பூசி முடியாத குட்டி என்றாலும், ஈப்போவோ தைப்பிங்கோ, பக்கத்து ஊரில் இறங்கிக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பினாங்கு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

இப்போதெல்லாம் புறப்படுவதற்கு 3 மணி நேரம் முன்பே கருப்பனுக்குச் சாப்பாடு முடிந்துவிடும். பின் சீட்டில் பழைய கைலி இரண்டு, போகும் வீட்டுக்கெல்லாம் முன்கூட்டியே ஒரு போன்: “அவனுக்கு ஒன்றும் போடாதீங்க சித்தி.”