ஆரஞ்சுப் பழமா, ஆரஞ்சு சிரப்பா: சத்துகளை ஒப்பிடும் முறை

இரண்டிலும் நூறு நூறு கிராம் எடுத்து ஒப்பிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. சிரப்பை யாரும் நூறு கிராம் அப்படியே குடிப்பதில்லை என்பதால், ஒரு பழத்தை ஒரு தம்ளர் பானத்தோடு ஒப்பிடுவதே பொருத்தமானது. இதற்கு ஒரு சமையலறைத் தராசும் ஒரு தாளும் போதும்.

முதலில் பழத்தை உரித்து, விதை நீக்கி, சுளைகளை மட்டும் நிறுக்கவும். நடுத்தரப் பழம் ஏறத்தாழ 130 கிராம் இருக்கும். உணவுச் சத்து அட்டவணைகளின்படி 100 கிராம் ஆரஞ்சில் சுமார் 47 கிலோ கலோரி, 9.4 கிராம் சர்க்கரை, 2.4 கிராம் நார்ச்சத்து, 53 மில்லிகிராம் வைட்டமின் சி ஆகியவை உள்ளன. இவற்றை 1.3 ஆல் பெருக்கினால் 61 கிலோ கலோரி, 12 கிராம் சர்க்கரை, 3 கிராம் நார்ச்சத்து, 69 மில்லிகிராம் வைட்டமின் சி என்று கிடைக்கும்.

அடுத்தது சிரப், கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். லேபிளில் உள்ள எண்கள் அப்படியே உள்ள சிரப்புக்கா, தண்ணீர் கலந்த பானத்துக்கா என்று பார்க்கவும். கலந்த பானத்துக்கான எண்கள் இயல்பாகவே சிறியவை. அளவு மில்லிலிட்டரில் இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு: எடையில் 65 சதவீதம் சர்க்கரை உள்ள பாகு 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 132 கிராம் எடை இருக்கும். ஆகவே வெறும் தம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்கி, வழக்கமாக ஊற்றும் அளவையே ஊற்றவும். (குறைத்து ஊற்றத் தோன்றும், ஊற்றிவிடாதீர்கள்.) 40 கிராம் வந்தது என்று வைத்துக்கொண்டால், அந்த 65 சதவீதக் கணக்கில் அதில் 26 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டிக்கும் மேல், சர்க்கரை கிராமுக்கு 4 கிலோ கலோரி என்பதால் மொத்தம் 104. நார்ச்சத்துக்கு நேரே பெரும்பாலும் பூஜ்ஜியம்தான் எழுத வேண்டியிருக்கும்.

வைட்டமின் சிக்கு லேபிளின் உட்பொருள் பட்டியலைப் பார்க்கவும். சிட்ரிக் அமிலம் புளிப்பு தருவது மட்டுமே; அஸ்கார்பிக் அமிலம்தான் வைட்டமின் சி. பழச்சாறு சேர்த்திருப்பதையும் அப்படியே நம்பிவிட முடியாது, ஏனெனில் இந்த வைட்டமின் வெப்பத்தில் சிதையும். 1747இல் கப்பலில் நடத்திய சோதனையில், ஆரஞ்சும் எலுமிச்சையும் ஸ்கர்வி நோயை (வைட்டமின் சி குறைவால் வருவது) தீர்ப்பதைக் கண்ட பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்டே, பிற்பாடு அச்சாற்றைச் சுண்டக் காய்ச்சிச் சேமிக்கப் பரிந்துரைத்தார். அப்படிக் காய்ச்சியதில் மருந்தின் கணிசமான பகுதி போய்விட்டது.

கடைசியாக, இரு சர்க்கரை எண்களையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சிரப்பின் சர்க்கரையை வரம்புக்குள் கணக்கிடுகிறது. முழுப் பழத்தில் இருப்பதைக் கணக்கிடுவதில்லை. நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி உண்பவருக்கு அந்த வரம்பு 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் கூடுதல் நன்மை. நம் தம்ளர் ஒன்றே அந்த 25ஐத் தாண்டிவிடுகிறது. பிழிந்து வடிகட்டிய சாற்றின் சர்க்கரையும் இதே கணக்கில்தான் சேரும். நாரில் பெரும்பகுதியும் வடிகட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே வீட்டில் சாறு பிழிபவர்கள் அதற்கென்று தாளில் மூன்றாவதாக ஒரு பத்தியை ஒதுக்கிக்கொள்ளவும்.