கியர்பாக்ஸ் மக்கர் செய்கிறதா? ரிப்பேரா, மாற்றுவதா, எக்ஸ்சேஞ்சா?

"கியர்பாக்ஸ் போச்சு சார், மாத்திடலாம்" என்று மெக்கானிக் சொன்னதும் கையைப் பிசைய வேண்டாம். போனது கியர்பாக்ஸ்தானா என்று முதலில் பார்ப்போம்.

படி 1: ஆயிலைப் பாருங்கள்

ஆட்டோமேட்டிக் வண்டியில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருந்தால், கையேட்டில் சொன்ன முறைப்படி உருவி, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். (டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளும் உண்டு; அவற்றை லிஃப்ட்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும்.) புது ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால், உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கலாம். விரலில் தேய்க்கும்போது மினுமினுவென்று உலோகத்துகள் ஒட்டினால் செலவு பெரிது. நிறம் நன்றாக இருந்து அளவு மட்டும் குறைந்திருந்தால் கொஞ்சம் நிம்மதி. இந்த ஆயில் தானாகத் தீராது, எங்கோ ஒழுகுகிறது. சீல் மாற்றினாலே சரியாகிவிடலாம்.

மேனுவல் வண்டியில் இன்ஜின் மட்டும் அலறி, வேகம் ஏறாவிட்டால் பெரும்பாலும் கிளட்ச் தேய்மானம்தான். கியர்பாக்ஸை இறக்கும் கூலி விழும். கியர்பாக்ஸ் விலை விழாது.

படி 2: ஸ்கேன்

வண்டியில் ஸ்கேனரை மாட்டினால் கோளாறுக் குறியீடுகள் தெரியும். 'பி0700' என்று வந்தால் பயப்படாதீர்கள். கியர் கணினி ஏதோ கோளாறைப் பதிந்திருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். கூடவே வரும் குறியீடுதான் முக்கியம். 'பி0750' போன்றவை சாலினாய்டை, அதாவது கியர் மாறுவதற்கு ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வைக் காட்டும். பல வண்டிகளில் முழு கியர்பாக்ஸையும் இறக்காமலே அதை மாற்றிவிடலாம். வயரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 3: கணக்கு

உள்ளேயே பழுது என்றால் ஓவர்ஹால் (பிரித்துத் தேய்ந்ததை மாற்றிச் சேர்ப்பது), வேறு வண்டியில் கழற்றிய பழைய கியர்பாக்ஸ், புதியது என்று மூன்றுக்கும் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். பழையது மலிவு, ஆனால் அதன் ஆயுள் யாருக்கும் தெரியாது. வாரண்டியில் கூலியும் சேருமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கழற்றி மாட்டும் செலவு இரண்டாம் முறையும் உங்கள் தலையில்தான்.

வண்டி நன்றாக ஓடினால் 100 பங்கு விலை போகும், இப்போதைய நிலையில் 55 தருகிறார்கள் என்று வையுங்கள். இடைவெளி 45. ரிப்பேர் 30 என்றால் செய்யலாம். 60 என்றால் தள்ளிவிடுவதே மேல். போன மாதம் டயருக்குப் போட்ட காசை இதில் சேர்க்காதீர்கள், அது போனது போனதுதான். இன்ஜினும் பாடியும் திடமாக இருந்து, இன்னும் பல வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

படி 4: எக்ஸ்சேஞ்ச்

கோளாறை மறைக்காதீர்கள், ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். புது வண்டியின் விலையை முதலில் பேசி முடித்துவிட்டு, அப்புறம் பழையதைப் பற்றிப் பேசுங்கள். இரண்டையும் கலந்தால் எக்ஸ்சேஞ்சில் கூட்டித் தந்ததைப் புது வண்டி விலையில் பிடித்துக்கொள்வார்கள்.

முடிவெடுக்கும் வரை, கியர் நழுவும் வண்டியை ஓட்டாதீர்கள். அந்தச் சூட்டில் சாலினாய்டு வேலை ஓவர்ஹாலில் போய் நிற்கும்.